முன்னால் போகிறவன்

இடது பக்கமாகவே வாருங்கள், தம்பி. என் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தால் போதும். வாய்க்காலைப் பார்க்க வேண்டாம். கண் எந்தப் பக்கம் போகிறதோ சைக்கிளும் அந்தப் பக்கம்தான் போகும். பதினோரு வருஷம் இந்த வாய்க்கால் மேட்டில் மிதித்தவன் சொல்கிறேன்.

எப்படி ஓடுகிறது? கனமாக இல்லையே? இருக்காது. உங்கள் மச்சானுடைய சைக்கிள்தான் அது, தெரியுமில்லையா? போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்தபோது ஹேண்டில்பார் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. நான்தான் நிமிர்த்தினேன். இரண்டு சக்கரத்தையும் கழற்றி, பால்ரஸ் எல்லாம் துடைத்து, புதுக் கிரீஸ் வைத்தேன். உங்கள் அக்கா, ‘வித்துப்போடுங்கண்ணா, அதக் கண்ணுல பாக்க முடியல’ என்றாள். நான் விற்கவில்லை. சென்னியப்பன் ஓட்டிய சைக்கிளை எவனோ ஓட்டிக்கொண்டு போவதை நான் பார்க்க வேண்டுமா? என் வீட்டிலேயே நிற்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.

அவசரம் இல்லை. மணி ஆறு பத்துதான். மில் சங்கு ஏழுக்கு.

நேற்று வீட்டுக்கு வந்து கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. கோபப்படாதீர்கள். அங்கே என் மனைவி இருந்தாள். அவள் இப்போது என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பேசினாலும் குத்தித்தான் பேசுகிறாள். அதனால்தான், காலையில் என்னோடு சைக்கிளில் வாருங்கள், போகிற வழியில் பேசலாம் என்றேன். இந்த மேட்டில் தாராளமாகப் பேசலாம். இந்த நேரத்துக்கு எங்கள் இரண்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்கை இங்கே வராது. மற்றவர்கள் எல்லாம் பைக் வாங்கி மெயின் ரோட்டில் போய்விட்டார்கள்.

எங்கள் இரண்டு பேர் என்றா சொன்னேன்? பழக்கம்.

மில்லில் எங்களைக் கேலி பேசாத ஆள் கிடையாது. ‘பெட்ரோல் என்ன வெல வித்தா இவனுங்களுக்கு என்னடா, ரெண்டு இட்லி சேத்திப் போட்டா வண்டி ஓடும்’ என்பார்கள். ‘உங்க வண்டிக்கு இட்லி போட்டுப் பாருங்களே, ஓடுதான்னு’ என்பான் சென்னியப்பன். அவனிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும். எனக்கு அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றாது. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் தோன்றும்.

என்ன? சத்தமாகச் சொல்லுங்கள். கேட்கவில்லை. காற்று இப்படித்தான். ஆனியும் ஆடியும் இங்கே மேற்குக் காற்று. மில்லும் மேற்கே. அதனால் முன்னால் போகிறவன் பேசுவது பின்னால் வருகிறவனுக்கு முணுமுணுத்தால்கூடக் கேட்கும். பின்னால் வருகிறவன் கத்தினாலும் முன்னால் போகிறவனுக்குக் கேட்காது. ஆகவே நான் பேசுகிறேன், நீங்கள் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

இந்தக் காற்றுக் காலத்தில் நாங்கள் மாறி மாறித்தான் போவோம். முன்னால் போகிறவன் காற்றை உடைப்பான். பின்னால் வருகிறவன் அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். ஒரு மடை தாண்டியதும் இடம் மாறிக்கொள்வோம். சென்னியப்பன் அகலமான ஆள். அவனுக்குப் பின்னால் போனால் வீட்டுக்குள் இருக்கிற மாதிரி இருக்கும். இப்போது பாருங்கள், எனக்கு நெஞ்சிலேயே அடிக்கிறது. உங்களை முன்னால் வரச் சொல்ல மாட்டேன். உங்களுக்குப் பழக்கமில்லை.

சரி. விஷயத்துக்கு வருகிறேன்.

பத்து மணிக்கு விசாரணை. ஈ.எஸ்.ஐ.யிலிருந்து ஒரு அதிகாரி வருகிறார். மேனேஜர் இருப்பார், டைம் ஆபீஸ் வரதராஜன் இருப்பார். மேஸ்திரி என்ற முறையில் நானும் இருப்பேன். அவர்கள் கேட்கப் போவது ஒரே கேள்விதான். அன்றைக்குக் காலையில் 213ஆம் டோக்கனை உள்பலகையில் மாட்டியது யார்? சென்னியப்பனே மாட்டினான் என்றால், அவன் வேலைக்கு வந்துவிட்டு நடுவில் சுவர் ஏறிக் குதித்து வெளியே போனவன். போன இடத்தில் வாய்க்காலில் விழுந்தான், செத்தான். அதற்கு யாரும் பொறுப்பில்லை. வேறு ஒருவன் மாட்டினான் என்றால், சென்னியப்பன் வேலைக்கு வருகிற வழியில் விழுந்தவன். அப்போது உங்கள் அக்காவுக்கு மாதாமாதம் பென்ஷன் வரும். வேலை நேரத்தில் குடிக்கப் போய் விழுந்தான் என்று ஊரில் பேசுகிற பேச்சும் நிற்கும்.

எனக்கு இது புரியாமல் இல்லை, தம்பி. நன்றாகவே புரிகிறது.

டோக்கன் என்றால் உங்களுக்குத் தெரியாது இல்லையா? நீங்கள் ஈரோட்டில் பாங்கியில் இருக்கிறவர். மில் வாசலில் டைம் ஆபீஸ். அதன் வெளிச்சுவரில் ஒரு பலகை, உள்ளே ஒரு பலகை. வெளிப்பலகையில் எல்லோருடைய டோக்கனும் தொங்கும். பித்தளை வட்டு, மேலே நம்பர் வெட்டியிருக்கும். வருகிறவன் தன்னுடையதை எடுத்துக்கொண்டு போய் உள்பலகையில் மாட்ட வேண்டும். ஏழு அடித்து ஐந்தாவது நிமிடம் வரதராஜன் உள்பலகையின் கண்ணாடிக் கதவைச் சாத்திப் பூட்டிவிடுவார். தொங்கினால் வந்தவன். தொங்காவிட்டால் வராதவன். முகத்தைப் பார்ப்பதெல்லாம் கிடையாது. ஊரெல்லாம் விரல் வைக்கிற மெஷின் வந்துவிட்டது. எங்கள் மில்லில் இன்னும் பித்தளைதான்.

என் நம்பர் 212. அவன் 213. ஒரே நாளில் சேர்ந்தோம்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனுடையதையும் சேர்த்து மாட்டிவிடுவான். பஞ்சர், செயின், குழந்தைக்குக் காய்ச்சல், எதுவாக இருந்தாலும் சரி. தாமதமாக வந்தவன் பின்வாசலில் பஞ்சு லாரி வரும்போது அதோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடுவான். என் பெரிய மகள் பிறந்த அன்று நான் மில்லுக்குப் போனபோது மணி பத்து. ஆனால் ஏழிலிருந்தே நான் உள்ளே இருந்தேன். சென்னியப்பன் மாட்டியிருந்தான். யார் யாருக்கு அதிகம் செய்தது என்று பார்த்தால் அவன் எனக்குச் செய்ததுதான் அதிகம். அதை நான் மறுக்க மாட்டேன்.

இது தப்பு, தெரியும். பிடிபட்டால் போட்டவனுக்கும் வேலை போகும், போடச் சொன்னவனுக்கும் போகும். வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், சைக்கிளை நம்பிப் பிழைக்கிறவன் வேறு என்ன செய்வான்? பைக்காரன் ஐந்து நிமிடம் தாமதமாகக் கிளம்பினால் முறுக்கிப் பிடித்துவிடலாம். நமக்குக் காலுக்கு மேல் வேகம் கிடையாது. ஒருவரை ஒருவர் நம்பித்தான் ஓட்ட வேண்டும்.

இங்கே பார்த்து. குழி. இறங்கித் தள்ளிக்கொண்டே வந்தாலும் பரவாயில்லை. ம்.

அந்த நாளைச் சொல்கிறேன். உங்கள் போன் சட்டைப் பையில் இருக்கிறதா? அணைத்துவிடுங்கள். இல்லை, எனக்கு ஒன்றுமில்லை. மில்லுக்குள் போன் கொண்டு போகக் கூடாது, வாசலில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் நானும் அவனும் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் கிளம்புவோம். பழகிவிட்டது. பக்கத்தில் போன் இருந்தால் எனக்குப் பேச்சு வராது.

அணைத்துவிட்டீர்களா? சரி.

ஆனி மாதம், நாலாம் தேதி. இதே மாதிரி காற்று. அப்போது மேஸ்திரி வேலைக்கு ஒரு ஆள் எடுக்கப் போவதாகப் பேச்சு. அவன் பெயரும் இருந்தது, என் பெயரும் இருந்தது. மூன்று மாதத்தில் லேட் விழாதவனாகப் பார்ப்பார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், லேட் ஆகக் கூடாது என்று இரண்டு பேருக்குமே அவசரம் இருந்தது. அவ்வளவுதான். இப்போது நான் மேஸ்திரி. அது வேறு விஷயம்.

இதோ வருகிறது பாருங்கள், பதிமூன்றாம் மடை. இந்த இடத்தில்தான் என் செயின் கழன்றது. அவனும் இறங்கி நின்றான். ‘இருக்கட்டுமா?’ என்று கேட்டான். ‘நீ போ, சங்கு ஊதீருவான்’ என்றேன். ‘அப்ப நீ பொறுமையாப் போட்டுட்டு வா, நாச்சி. உன்றதயும் நான் மாட்டீர்றன்’ என்றான். சொல்லிவிட்டு எழுந்து நின்று மிதித்தான். காற்றில் எழுந்து நின்று மிதிக்கக் கூடாது, தம்பி. ஆள் உயரமாகிவிடுவான், காற்று பிடித்துத் தள்ளும். அவனுக்குத் தெரியாததா? எனக்காகத்தான் அந்த வேகம். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

செயின் மாட்டுவது எனக்குப் பழகிய வேலை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நிமிர்ந்து பார்த்தால் அவன் அந்த வேலிக்காத்தான் திருப்பத்தில் மறைந்துவிட்டிருந்தான். அதோ, அந்தத் திருப்பம். அதைத் தாண்டியதும் பதினாலாம் மடை.

நிற்க வேண்டுமா? கட்டாயம் பார்க்க வேண்டுமா? சரி, இறங்குங்கள். ஐந்து நிமிடம்.

பதினாலாம் மடை. இந்த இடம்தான். உள்ளே பாருங்கள், சிமெண்டுச் சரிவு. எட்டு அடி ஆழம். பாசி பிடித்திருக்கும். நல்ல கால் கை உள்ளவனே விழுந்தால் ஏற முடியாது. அவனுக்கு இடுப்பு எலும்பு போயிருந்தது என்று டாக்டர் எழுதியிருக்கிறார். இன்றைக்கு நிறையத் தண்ணீர் போகிறது. அன்றைக்குக் காலையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஏழு நாள் விடுவார்கள், ஏழு நாள் அடைப்பார்கள். அது அடைப்பின் கடைசி நாள்.

உங்களுக்கு நீச்சல் தெரியுமா? ஆற்றங்கரை ஊர்க்காரர் ஆயிற்றே. தெரியாதா? அப்படியானால் அவ்வளவு ஓரத்தில் நிற்காதீர்கள். இந்தப் பக்கம் வாருங்கள்.

நான் வரும்போது சைக்கிள் இதோ இந்த இடத்தில் கிடந்தது. ஆளைக் காணோம். ஒதுங்கப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். இந்தப் புதரில்தான் நாங்கள் ஒதுங்குவோம். ஸ்டாண்டு போடவில்லையா என்றா? அவசரமாக வந்தால் யார் ஸ்டாண்டு போடுகிறார்கள்? பகலில் ஆடு மேய்க்கிறவர்களும் இந்தச் சைக்கிளைப் பார்த்திருக்கிறார்கள். யாரோ ஒதுங்கியிருக்கிறார்கள் என்றுதான் அவர்களும் நினைத்தார்கள். போலீஸ் அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் நினைத்தால் சரி, நான் நினைத்தால் மட்டும் எப்படித் தப்பாகும்?

முன்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். ஒருவேளை நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம், இப்போதுதான் விழுந்திருக்கிறான் என்று தெரிந்திருக்குமே என்று. அப்படி இல்லை. காற்று. இந்தக் காற்றுக்குச் சக்கரம் தானாகச் சுற்றும்.

என்ன செய்கிறீர்கள்?

எதற்குச் சைக்கிளைப் படுக்க வைக்கிறீர்கள்? பெயிண்ட் போய்விடும். சரி, வையுங்கள். வைத்துப் பாருங்கள்.

இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி வையுங்கள். காற்று அடிக்கிற பக்கம்.

...

அன்றைக்கு இதைவிடக் காற்று அதிகம். நீங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஆனி மாதக் காற்று வேறு, ஆடிக் காற்று வேறு. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தால் சுற்றும். எடுத்துவிடுங்கள், போதும். எடுங்கள் என்கிறேன்.

நான் நேராக மில்லுக்குப் போனேன். எனக்கு லேட் ஆகவில்லை, ஏழுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. என்னுடையதை மாட்டினேன். பிறகு அவனுடையதையும் எடுத்து மாட்டினேன். மாட்டும்போது, இவன் எனக்காக வேகமாகப் போனான், கடைசியில் நான் அவனுக்குப் போடும்படி ஆகிவிட்டதே என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். கெட்ட எண்ணம் உள்ளவன் மாட்டுவானா? அவன் டோக்கன் தொங்காவிட்டால் அவனுக்கு லேட். மேஸ்திரி வேலை தானாக எனக்கு வந்திருக்கும். அப்படியிருந்தும் மாட்டினேன். இதை யாருமே யோசிக்க மாட்டேன் என்கிறார்கள். என் மனைவி உட்பட.

எட்டு மணி ஆயிற்று, அவன் வரவில்லை. ஒன்பது ஆயிற்று. பஞ்சு லாரி வந்து போயிற்று. உடம்புக்கு முடியாமல் வீட்டுக்குத் திரும்பியிருப்பான் என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு உங்கள் அக்கா மில்லுக்குப் போன் செய்திருக்கிறாள். சோற்றுத் தூக்குப்போசியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருக்கிறான். பால் வண்டியில் கொடுத்து அனுப்புகிறேன், சொல்லிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். வரதராஜன் பலகையைப் பார்த்தார். ‘உள்ளதாம்மா இருக்கான்’ என்று சொல்லிவிட்டார். இருந்தாலும் அவர் ஒழுங்கானவர். எங்கள் டிபார்ட்மெண்ட் வாசல் வரைக்கும் வந்து என்னைக் கேட்டார்.

‘நாச்சிமுத்து, 213 இருக்கானாய்யா? ஊட்டுல இருந்து போனு.’

‘ரிங்ஃபிரேம் பக்கம் இருப்பானுங்க’ என்றேன்.

வேறு என்ன சொல்லச் சொல்கிறீர்கள்? இல்லை என்று சொன்னால் டோக்கன் எப்படித் தொங்குகிறது என்று கேட்பார். அவன் வேலையும் போகும். நான் அவனைக் காப்பாற்றத்தான் பார்த்தேன். அப்போது அவன் வீட்டில் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆமாம். போன் வீட்டிலிருந்துதான் வந்தது. வீட்டில் இருந்திருந்தால் அவள் ஏன் போன் செய்கிறாள் என்று கேட்கிறீர்கள். நீங்கள் உட்கார்ந்து யோசிக்கிறீர்கள், உங்களுக்குத் தோன்றுகிறது. பத்து ரிங்ஃபிரேம் மெஷின் இரைச்சலில் நின்றுகொண்டிருப்பவனுக்குத் தோன்றுமா? உங்கள் அக்காவும் ஒரு வார்த்தை அதிகமாகக் கேட்டிருக்கலாம். அவரைக் கூப்பிடுங்கள், நானே பேசுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். உள்ளே இருக்கிறான் என்றதும் வைத்துவிட்டாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை.

தூக்குப்போசி வாசலுக்கு வந்தது. சாப்பாட்டு நேரம் வரைக்கும் யாரும் எடுக்காமல் அங்கேயே இருந்தது. வாட்ச்மேன், ‘என்னப்பா, உன்ற கூட்டாளி பசியே இல்லாதவனா?’ என்று சத்தம் போட்டான். நான் போய் எடுத்துக்கொண்டேன். எடுக்காவிட்டால் அவன் தேடுவான், பத்துப் பேருக்குத் தெரியும். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, இரண்டு அப்பளம். சோற்றை வீணாக்கக் கூடாது. சாப்பிட்டேன்.

அப்போது மணி ஒன்று. ஒரு மணிக்குத்தான் மேலே வாய்க்கால் ஷட்டரைத் திறந்திருக்கிறார்கள்.

அதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். நுரையீரலில் தண்ணீர் இருந்தது என்று பிரேதப் பரிசோதனையில் வந்திருக்கிறது இல்லையா? விழுந்ததில் அவன் சாகவில்லை. தண்ணீர் வரும்வரை இருந்திருக்கிறான். மில்காரர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஏழு மணிக்கு டோக்கன் போட்டவன், ஒரு மணிக்கு மேல் வாய்க்காலில் செத்திருக்கிறான், அப்படியானால் நடுவில் வெளியே போனவன்தானே என்கிறார்கள். காகிதத்தில் பார்த்தால் அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது.

மூன்றரைக்கு ஷிப்ட் முடிந்து இந்த வழியாகத்தான் வந்தேன். சைக்கிள் இதே இடத்தில் கிடந்தது. வாய்க்கால் நிறையத் தண்ணீர். அப்போதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நிற்கவில்லை. நின்று என்ன செய்ய?

ஊருக்குப் போய்த் தூக்குப்போசியை உங்கள் அக்காவிடம் கொடுத்தேன். நன்றாகக் கழுவித்தான் கொடுத்தேன். திறந்து பார்த்தாள். ‘முழுசும் சாப்பிட்டாருங்களா? குழம்புல உப்பு தூக்கலாப் போச்சுன்னு காலையில இருந்து கவல’ என்றாள். நான் சைக்கிளைத் திருப்பினேன். ‘அவரு எங்கீங்கண்ணா?’ என்றாள். இரண்டாவது ஷிப்டுக்கு ஆள் வரவில்லை, நிறுத்திக்கொண்டார்கள், ராத்திரி மில்லிலேயே படுத்துக்கொள்வான் என்றேன். போலீஸ் இதைக் கேட்டது. யாரோ சொன்னார்கள், நானும் சொன்னேன் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

அதைத்தான் என் மனைவி சொல்லிக் காட்டுகிறாள். ‘அந்த மனுசன் சோத்தத் தின்னுட்டு வந்து, அவ கைலயே போசியக் குடுத்துட்டு, எப்புடீங்க தூங்குனீங்க?’ என்கிறாள். நான் தூங்கவில்லை. ஆனால் உங்கள் அக்கா துளசிமணி தூங்கினாள். கடைசியாக ஒரு ராத்திரி அவள் நிம்மதியாகத் தூங்கினாள் என்றால் அது நான் சொன்ன வார்த்தையால்தான். சாயங்காலமே சொல்லியிருந்தால் அந்த ஒரு ராத்திரியும் போயிருக்கும். என்ன லாபம்? அவன் அதற்குள் போய்விட்டிருந்தான். மறுநாள் காலையில் பத்தொன்பதாம் மடைக் கம்பியில் கிடந்தான். முதலில் இறங்கியது யார் தெரியுமா? நான்தான். மடைப் படியில் இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் இறங்கி, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். ஊரே பார்த்தது. அன்றைக்கு என்னைக் கட்டிக்கொண்டு அழாத ஆள் இல்லை.

சங்கு கேட்கிறதா? இது ஆறே முக்காலுக்கு ஊதுகிற முதல் சங்கு. கிளம்பலாம்.

எழுந்திருங்கள், தம்பி. ஏன் அங்கேயே உட்கார்ந்துவிட்டீர்கள்?

சொல்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பத்து மணிக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்றுதானே? 213ஐ யார் மாட்டியது என்று எனக்குத் தெரியாது. நான் வந்தபோது தொங்கிக்கொண்டிருந்தது. இதைத்தான் போலீஸிலும் சொன்னேன், இதைத்தான் இன்றைக்கும் சொல்வேன். நாச்சிமுத்து என்னிடம் ஒத்துக்கொண்டான் என்று நீங்கள் சொன்னால், இந்த ஆளோடு நான் அப்படி ஒன்றும் பேசவில்லை என்பேன். உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். மேஸ்திரி ஆகி முப்பது நாள்கூட ஆகவில்லை. ஒரே ஒரு வார்த்தை என்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் ‘ரிங்ஃபிரேம் பக்கம் இருப்பான்’ என்று ஏன் சொன்னாய் என்பார்கள். பிறகு தூக்குப்போசி. பிறகு இரண்டாவது ஷிப்ட். ஒன்றைத் தொட்டால் எல்லாம் வரும். வரதராஜன் நல்ல மனிதர், அவருக்கும் சிக்கல். உங்கள் அக்காவை நான் விட்டுவிடப் போவதில்லை. அடுத்த வருஷம் மில்லில் நூல் கோன் சுற்றுகிற வேலை ஒன்று வாங்கித் தருகிறேன். மேஸ்திரி சொன்னால் எடுப்பார்கள். அவளை நானே காலையில் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போவேன். இதே வழியில்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

வாருங்கள். இன்னும் மூன்று கிலோமீட்டர் இருக்கிறது. என்னவோ கேட்டீர்களே, என்ன? இப்போது நின்றுகொண்டுதானே இருக்கிறோம், சத்தமாகவே கேளுங்கள்.

கூப்பிட்டானா என்றா?

இல்லை.

காற்றில் எப்படிக் கேட்கும்? நான்தான் சொன்னேனே, பின்னால் இருந்து கத்தினாலும் கேட்காது என்று. ஆமாம், இந்த இடத்தைத் தாண்டிய பிறகுதான் அவன் எனக்குப் பின்னால். தாண்டுவதற்கு முன்னால் என்றா? தாண்டுவதற்கு முன்னால் அவன் எனக்கு முன்னால்தான் இருந்தான். சரி. அதற்கென்ன?

என் பெயரைச் சொல்லவில்லை, தம்பி. நாச்சி என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் நான் இறங்கியிருப்பேன். என் குழந்தைகள் மேல் ஆணையாக இறங்கியிருப்பேன். ‘ஏப்பா’ என்றுதான். இரண்டு தடவை. ‘ஏப்பா’ என்றால் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டிருக்கலாம். எத்தனையோ பேர் போகிற வழி இது.